களிம்பு

காரிமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும்.
நான் போனதில்லை.
ஆனாலும் மாதம் இரண்டு முறை
என் கடை வாசலில் கடல் வந்து நிற்கிறது,
இருபத்திரண்டு சக்கரத்தில்.

முனிரத்தினத்தின் டிரெய்லர்.
ஜெகதேவியில் கருங்கல் ஏற்றித்
தூத்துக்குடியில் இறக்கி
உப்பு மூட்டையோடு திரும்பும்.
கல் போகும், உப்பு வரும்.
இன்று கல்.
ஆனால் போன நடையின் உப்பு
இன்னும் இறங்கவில்லை.

இஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே
சுருண்டு தொங்குகிற கறுப்பு ஒயர்,
அதன் நுனியில் கைப்பிடி அளவு பிளக்,
ஏழு பின்.
சாக்கெட் மூடியின் ஸ்பிரிங் எப்போதோ செத்துவிட்டது.
யாரோ பால் பாக்கெட் கவரைச் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள்,
நல்ல மனசோடு.
உள்ளே வியர்த்து வியர்த்து
ஏழும் பாசி பிடித்த படித்துறை.

"பிரேக் அடிச்சா இண்டிகேட்டர் எரியுது,
இண்டிகேட்டர் போட்டா ஒண்ணுமே எரியல"
என்றான் கிளீனர் திம்மராஜ்.
எர்த் அறுந்த வண்டி அப்படித்தான் பேசும்.
திரும்பிப் போக வழியில்லாத கரண்ட்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்.

"டேப் சுத்தி விடுங்கக்கா,
பத்து மணிக்குள்ள தொப்பூர் இறங்கணும்."

தொப்பூர்.
அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால்
ஒருவேளை டேப் சுற்றி அனுப்பியிருப்பேன்.
முப்பது டன் கல் வளைவில் மூச்சைப் பிடித்து இறங்கும்போது
பின்னால் வருகிறவனுக்கு
முனிரத்தினத்தைத் தெரியாது, என்னைத் தெரியாது.
ஒரு சிவப்பு எரிகிறதா,
அவ்வளவுதான் தெரியும்.

புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்றான் திம்மராஜ்.
குத்துவிளக்குக்குச் சரி தம்பி,
தேய்த்தால் நாலு குடம் தண்ணீரில் கழுவலாம்.
இங்கே புளி
செம்பை வெளுத்துவிட்டு
அங்கேயே குடியிருந்து தின்னும்.

பேட்டரியைக் கழற்றினேன்.
ஊசி அரம், எமரித் தாள்.
பச்சைப் பொடி உதிர, ஊதினேன்.
உதட்டில் உப்பு.
ஒயரை இரண்டு இஞ்ச் வெட்டிச் சீவினேன், கறுப்பு.
இன்னும் இரண்டு இஞ்ச், கறுப்பு.
உறைக்குள்ளேயே நடந்து போயிருக்கிறது கடல்.
ஒரு சாண் தாண்டித்தான்
செம்பு செம்பாக இருந்தது.

பிறகு கிரீஸ்.
டப்பாவில் என்ன பெயரோ, நாங்கள் சொல்வது களிம்பு.
செம்பில் பூப்பதற்கும் அதே பெயர்.
நோய்க்கும் மருந்துக்கும்
ஒரே சொல் வைத்திருக்கிற பாஷையில்
திம்மராஜுக்கு நான் எப்படி விளக்க?
களிம்பு ஏறாமல் இருக்கக் களிம்பு.
மெல்லிசாக.
அப்பினால் புழுதி வந்து சேரும்.

சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டேன்.
கழற்றினால் வாய் கீழே பார்க்கத் தொங்கவிடு,
நீர் தானே வடியும் என்றேன்.
தலையாட்டினார்கள், இருவரும், சாலையைப் பார்த்தபடி.

நான் பின்னால் போய் நின்றேன்.
"லெஃப்ட்!"
"ரைட்!"
"பிரேக்!"
என் சட்டை, கை, பின்னாலிருந்த புளியமரம் வரை
சிவப்பு.

பதினாறு நாள் கழித்து வந்தான்.
டியூப் உறையைக் காணோம்.
கிரீஸில் மதுரைப் புழுதி.
எர்த் பின் நுனியில் கடுகளவு பச்சை.
போகவில்லை அது,
தாமதமாக வந்திருக்கிறது.
துடைத்தேன். மறுபடி பூசினேன்.
மறுபடி டியூப் தேடினேன்.

பாக்கி நூற்றைம்பது தரவில்லை.
வழியில் ஒரு மூட்டை கிழிந்துவிட்டதாம்,
கேரி பேக் நிறையக் கல்லுப்பை நீட்டினான்.

அன்றிரவு களிக்கு
அவரைக்கொட்டைக் குழம்பு.
அதே உப்புதான்.
கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேன்.